ஆய்வில "வாதம் நிக்கல்ல" எண்டு திருப்பித் தந்துட்டாங்க, என்ன செய்யலாம்?

அக்கரைப்பற்று மாணவி:
அண்ணாமார் அக்காமார் ஒரு உதவி வேணும். கடைசி வருச டெசர்டேஷன் (ஆய்வறிக்கை) செய்றன், அம்பாறைக் கரையில இருக்கிற ஒலுவில் ஊர்த் துறைமுகமும் கடலரிப்பும் தான் தலைப்பு. மீனவர் பேட்டி, போட்டோ, கரைவலை இழுக்க இடமில்லாமப் போனது எல்லாம் விரிவா எழுதிக் கிடக்கு. சுப்பவைசர் ஓரத்தில எழுதினது ஒரே வரி, "துறைமுகம் வந்த பிறகு அரிச்சது சரி, துறைமுகத்தாலதான் எண்டு எங்க காட்டியிருக்கீங்க?" இன்னும் பேட்டி எடுக்கவா?

கல்லடி அண்ணன்:
தங்கச்சி, பேட்டியக் கூட்டிப் பிரயோசனமில்ல. முடிவும் இருக்கு ஆதாரமும் இருக்கு, ரெண்டையும் கட்டுற கயிறு தான் இல்ல. ஸ்டீபன் டூல்மின் எண்ட தத்துவவாதி 1958ல இதத்தான் பிரிச்சுக் காட்டினவர், கூற்று, தரவு, அந்தத் தரவு ஏன் அந்தக் கூற்றத் தாங்குது எண்ட நியாயம். உங்கட நியாயம் மணல்ல கிடக்கு. அந்தக் கரையில அலை மணலத் தெற்கால இருந்து வடக்க தள்ளிக்கொண்டு போகும், துறைமுகத்து அலைதடுப்பு குறுக்க நிண்டா மணல் தெற்கால தேங்கிரும், வடக்குக்கு வரவேண்டிய மணல் வராது, ஆனா அலை வழமை போல வடக்கால இருக்கிறத அள்ளிக்கொண்டே போகும். இது எழுதினாத்தான் மீனவர் சொன்னது ஆதாரம், இல்லாட்டி வெறும் முறைப்பாடு தான்.

நிந்தவூரான்:
அண்ணன் சொன்னது சரி, அதோட இன்னொண்டு. சுனாமியால அரிச்சிருக்கலாமே, கடல்மட்டம் ஏறினதால இருக்கலாமே எண்டு வைவால (வாய்மொழிப் பரீட்சையில) கேப்பாங்க, அவங்க கேக்க முதல் நீங்களே கேட்டுப் பதில் எழுதுங்க. 2004 சுனாமி தான் காரணமெண்டா துறைமுகம் கட்ட முதலே அரிப்புத் தொடங்கியிருக்கணும். கடல்மட்டமெண்டா ரெண்டு பக்கமும் அரிக்கணும், ஒரு பக்கம் அரிச்சு மத்தப் பக்கம் மணல் ஏறாது. அதால தெற்கையும் கட்டாயம் அளங்க. 1854ல லண்டன்ல கொலரா வந்தப்ப ஒரு தெருப் பம்புத் தண்ணி தான் காரணமெண்டு காட்ட டொக்டர் ஜோன் ஸ்னோ அந்தப் பம்புக்குப் பக்கத்தில செத்தவங்கள எண்ணினதோட விடல்ல, பக்கத்திலயே இருந்த பியர் ஆலைக்காரருக்கு ஏன் வரல்ல, தூரத்தில ஹாம்ஸ்டெட்ல இருந்த அம்மா ஏன் செத்தா எண்டும் தேடினார். ஆலைக்காரர் அந்தத் தண்ணி குடிக்கல்ல, அந்த அம்மா அந்தத் தண்ணியத்தான் வரவழைச்சுக் குடிச்சவ. இப்பிடிப் பொருந்தாதது மாதிரித் தெரியிறது தான் வாதத்துக்குப் பலம்.

அக்கரைப்பற்று மாணவி:
நல்லா விளங்குது. அப்ப பேட்டிய நீக்கிரவா?

வந்தாறுமூலை அக்கா:
ஐயோ நீக்காதீங்க! படத்தில தெரியாதது அவங்களுக்குத் தெரியும். "கடல் வந்துட்டு" எண்டத விட எந்த வாடி (மீனவர் கொட்டில்) முதல்ல போனது, எந்த வருசம், அதுக்கடுத்து எது எண்டு கேளுங்க. துறைமுகத்துக்குக் கிட்ட இருந்து வடக்க ஒழுங்கா நகந்திருந்தா அது பெரிய சான்று. கூகுள் ஏர்த்ல பழைய படங்கள எடுத்து, கட்ட முதல் ஒண்டு, 2013ல திறந்த பிறகு ஒண்டு, கரைக்கோட்ட வரைஞ்சு பக்கத்தில வைங்க. முடிவையும் அளவா எழுதுங்க, "முழுக்க" எண்டா ஒரு விதிவிலக்கு காணும் உங்கள விழுத்த, "வடக்குக் கரை அரிப்பில பெரும்பங்கு" எண்டா தாங்கும். அரிப்பத் தடுக்கக் கல்லுப் போட்ட இடங்களத் தனியாக் குறிச்சு வைங்க, அங்க கரை நிண்டது கல்லால, அத மத்த இடத்தோட கலந்தா கணக்குக் குழம்பிரும்.