பழைய நகை அலமாரியைப் புதுப்பித்துப் பரிசாகக் கொடுக்க: எங்கே தொடங்குவது?

கேள்வி:
அக்காவுக்குக் கொடுக்க செகண்ட் ஹேண்டில் ஒரு நகை அலமாரி வாங்கினேன். மரம் உறுதி, ஆனால் வார்னிஷ் பிசுபிசுக்கிறது, இழுப்பறைக்குள் ஒட்டிய வெல்வெட்டில் பூஞ்சை வாடை, ஒரு கீல் ஆடுகிறது. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் போதுமா?

பதில் 1:
போதாது, பிசுபிசுப்பின் மேல் பெயின்ட் நிற்காது. பஞ்சில் ஆல்கஹால் தொட்டு மறைவான மூலையில் தேய்த்துப் பாருங்கள், கரைந்து வந்தால் அது ஷெல்லாக் (அரக்கில் செய்யும் பூச்சு), அப்படியே துடைத்து எடுத்துவிடலாம். இல்லையென்றால் 120 எண் சொரசொரப்பு உப்புத்தாள், அப்புறம் அதைவிட நைசான 220. வினீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டிய பலகை என்றால் 120 பக்கமே போகாதீர்கள், ஓரம் தேய்ந்து அடிப்பலகை தெரிந்துவிடும்.

பதில் 2:
வெல்வெட்டை முழுக்க உரித்துவிடுங்கள், பூஞ்சை வாடை லேசில் போகாது. புதுத் துணியை நேரே மரத்தில் ஒட்டாமல், அளவாக வெட்டிய அட்டையில் சுற்றி ஒட்டி உள்ளே செருகினால் பின்னால் மாற்றுவது சுலபம். கம்பளி ஃபெல்ட் மட்டும் வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். கீலுக்கு, ஆணித் துளையில் பசை தடவிய பல்குச்சிகளை அடைத்து, காய்ந்ததும் திருகாணியை முடுக்குங்கள்.

கேட்டவர்:
வினீர்தான், நல்லவேளை கேட்டேன். பூசியதும் கொடுத்துவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே இறுக சில வாரம் ஆகும். அதுவரை இழுப்பறைகளைத் திறந்தே வையுங்கள்.