எட்டு வீடுகளில் வைத்த அளவிகள் முரண்படுகின்றன: தரவை நீக்கிவிடலாமா?

கேள்வி (இறுதியாண்டு மாணவி, கொழும்பு)

வணக்கம். வீட்டின் மின்பாவனைக்கும் உள்ளே நிலவும் வெப்பம், ஈரப்பதன் ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்காகக் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எட்டு வீடுகளில் இரண்டு வாரங்களாக அளந்து வருகிறேன். மின்மீற்றரில் விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு விளக்கின்மேல் ஓர் ஒளி உணரியை ஒட்டி, ஆயிரம் துடிப்புக்கு ஓர் அலகு என்று கணக்கிடுகிறேன். அறையின் வெப்பநிலையும் ஈரப்பதனும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகின்றன.

முதல் வீட்டில் மீற்றர் 40 அலகு ஓடியபோது என் கருவி 64 என்று காட்டுகிறது. இரண்டாம் வீட்டில் 55 அலகுக்கு 88. மூன்றாம் வீட்டில் 38 அலகுக்கு 45. அங்கே வித்தியாசம் நாளுக்கு நாள் மாறுகிறது. ஏனைய ஐந்து வீடுகளிலும் மின்கணக்கு பொருந்துகிறது. ஆனால் அவற்றுள் ஒன்றில், குசினியை அடுத்த அறையில் வைத்த அளவி இரவிலும் 33 பாகையும் 67 வீத ஈரப்பதனும் காட்ட, அதே அறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி 30 பாகை காட்டுகிறது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மேல்தள அறையிலோ உச்ச வெப்பம் பிற்பகலில் வராமல் இரவு எட்டு மணிக்கு வருகிறது. முதல் மூன்றோடு இந்த இரண்டையும் சேர்த்து, முரண்படும் ஐந்து வீடுகளின் தரவையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது மூன்றே வீடுகள். என்ன செய்யலாம் என்று சொல்லி உதவுங்கள்.

பதில் (மின்னிணைப்பு வேலை செய்பவர், தெமட்டகொடை)

தங்கச்சி, அவசரப்பட்டு எதையும் நீக்க வேண்டாம். 64ஐ 40ஆல் வகுத்துப் பாருங்கள், 1.6 வரும், 88ஐ 55ஆல் வகுத்தாலும் அதே 1.6 தான். கருவி பழுதென்றால் பிழை இவ்வளவு ஒழுங்காக வராது. ஓர் அலகுக்கு எத்தனை துடிப்பு என்பது மீற்றருக்கு மீற்றர் வேறுபடும். அந்த எண் அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த இரண்டு மீற்றர்களிலும் 1600 என்று இருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் பதிவான துடிப்புகளை 1600ஆல் வகுத்தால் போதும், இரண்டு வாரத் தரவும் அப்படியே மீளும்.

மூன்றாவது வீடு வேறு விடயம். மிகைத் துடிப்புகள் எந்த நேரத்தில் வருகின்றன என்று பாருங்கள். மீற்றர் வாசற்சுவரில் வெயில் படும்படி இருந்தால், மரநிழல் ஆடும்போது உணரி அதையும் விளக்கொளி என்று எண்ணிவிடும். கறுப்பு நாடாவால் நான்கு பக்கமும் ஒளி புகாமல் மூடுங்கள். பொருந்தாத மணித்தியாலங்களைத் திருத்த முயலாமல், அந்த வீட்டுக்கு மீற்றரில் நேரடியாக வாசித்த அலகுகளையே எடுத்துக்கொள்வதுதான் நேர்மை.

பதில் (கட்டடங்களின் வெப்பநிலை அளக்கும் வேலையில் இருப்பவர், மொறட்டுவை)

33 பாகை காட்டும் அளவியை எதன்மேல் வைத்தீர்கள்? குளிர்சாதனப் பெட்டியின் மேல் என்றால், அது அளப்பது பெட்டி வெளியேற்றும் சூட்டையே தவிர அறையை அல்ல. ஆனாலும் ஈரப்பதன் தரவு முழுக்க வீணாகவில்லை. 30 பாகையில் 80 வீத ஈரப்பதன் உள்ள காற்றை, நீராவி கூடாமல் குறையாமல் 33 பாகைக்குச் சூடாக்கினால் வீதம் ஏறக்குறைய 67க்கு இறங்கும். உங்கள் அளவி சொன்னதும் அதே எண்தான். எனவே வெப்பநிலையையும் வீதத்தையும் சேர்த்துப் பனிபடுநிலையை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, கணித்தால், அறையில் உண்மையில் இருந்த நீராவியின் அளவு கிடைக்கும். வெப்பநிலைக்கு மட்டும் புதிதாக அளக்க வேண்டும். சுவரிலிருந்து விலக்கி, மின்விசிறியின் நேர்க்காற்றும் வெயிலும் படாமல், உட்கார்ந்திருப்பவரின் தலை உயரமான 1.1 மீற்றர் அளவில் வையுங்கள். பாயில் படுப்பவர்களின் அறையென்றால் அவர்கள் தலைமாட்டு உயரத்தில் வைப்பதே பொருத்தம்.

இரவு எட்டு மணி உச்சத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள், அது பிழையல்ல. கொங்கிறீற்றுத் தட்டு பகல் முழுதும் வெயிலை வாங்கிச் சேமித்து, பல மணித்தியாலம் கழித்தே கீழே உள்ள அறைக்கு விடும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அந்நாட்களில் சுவர்களைவிட மேற்தட்டே அதிகம் வாங்கும். கீழ்த்தள வீடொன்றின் பதிவை அதே தாளில் வரைந்து ஒப்பிட்டால் ஆசிரியருக்கே விளங்கும்.

பதில் (இல்லத்தரசி, பம்பலப்பிட்டி)

மகள், நாங்களும் மேல்மாடியில்தான் இருக்கிறோம். இரவு பத்து மணிக்குக் கட்டிலில் ஏறி நின்று கையை உயர்த்தினால் மேற்தட்டின் சூடு உள்ளங்கையில் படும். அதனால் மின்விசிறி விடியும்வரை நிற்பதில்லை. 75 வாற்று விசிறி பத்து மணித்தியாலம் ஓடினால் முக்கால் அலகு, மாதத்துக்கு 22 அலகுக்கு மேல். 60 அலகைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடுவதால், அந்த எல்லைக்குக் கிட்ட நிற்கும் குடும்பங்கள் வேர்வையோடு விசிறியை நிறுத்திவிட்டுப் படுக்கின்றன. குறைந்த அலகைப் பார்த்து அந்த வீடு குளிர்ச்சியாக இருக்கிறதென்று எழுதிவிடாதீர்கள். விசிறியை எத்தனை மணிக்குப் போட்டார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று ஐந்து வீடுகளுக்கும் போய் வந்தேன். முதல் இரண்டு மீற்றர்களிலும் 1600 என்றே அச்சிடப்பட்டிருக்கிறது. மூன்றாம் வீட்டில் மிகைத் துடிப்புகள் காலை ஏழு மணி தொடக்கம் ஒன்பது வரைதான் வந்திருக்கின்றன. வாசலில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது, அதன் இலைநிழல் மீற்றர்மேலேயே ஆடுகிறது. உணரியை மூடிவிட்டேன். குசினிப் பக்க அறையில், சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாதென்று அந்த வீட்டு அம்மா அளவியைக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் எடுத்து வைத்திருந்தார். இப்போது அதை அலுமாரியின் பக்கவாட்டில் கட்டியிருக்கிறேன். வெள்ளவத்தை வீட்டுப் பாட்டியிடம் விசிறியைப் பற்றிக் கேட்டேன். தட்டு ஆறும்வரை நடையில்தான் படுப்பதாகவும், அறைக்குள் போவது ஒரு மணிக்குப் பிறகுதான் என்றும் சொன்னார். இன்றிரவு தொடக்கம் நடையிலும் ஓர் அளவி இருக்கும்.