பிரைமரியில் நம் வேட்பாளரை நாமே விமர்சித்தால் எதிர்க்கட்சிக்கு உதவியாகுமா?

ஸ்பார்ட்டன்பர்க் புதியவன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். குடியுரிமை பெற்றபின் நான் வாக்களிக்கப்போகும் முதல் அதிபர் பிரைமரி இது; நவம்பர் பொதுத் தேர்தலுக்கு முன் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். தென் கரோலினாவில் வாக்காளர்கள் கட்சி சொல்லிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியைத் தேர்ந்து வாக்களிக்கலாம். எனவே குடியரசுக் கட்சியின் உள்ளூர்க் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். முன்னணியில் இருக்கும் வேட்பாளர் செனட்டில் முன்பு எப்படி வாக்களித்தார், இப்போது ஏன் வேறு மாதிரி பேசுகிறார் என்று எழுந்து கேட்டேன்.

கூட்டம் முடிந்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். கோபமாகப் பேசவில்லை, அக்கறையோடுதான் சொன்னார்: "இதையெல்லாம் நவம்பருக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். 2012 பிரைமரியில் சொந்தக் கட்சிப் போட்டியாளர் கிங்ரிச் வாயைத் திறந்ததால்தான் ரோம்னி ஒபாமாவிடம் தோற்றார். நீங்கள் இன்று கேட்பதை நாளை எதிர்க்கட்சி விளம்பரமாகப் போடும்." முன்னாள் அதிபர் ரீகனின் பதினோராவது கட்டளை என்று ஒன்றையும் நினைவூட்டினார். சொந்தக் கட்சிக்காரரைப் பற்றித் தவறாகப் பேசக்கூடாது என்பதாம் அது.

அவர் சொன்னது உண்மைதானா? 2012-இல் நான் இந்த நாட்டில் இல்லை. அப்போது இங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

மில்காரர், கிரீன்வில்:

தம்பி, அடுத்த கூட்டத்திலும் எழுந்து அதே கேள்வியைக் கேளுங்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

நான் கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு இந்தப் பகுதி நூற்பாலைகளுக்கு வேலைக்கு வந்தவன். வந்த காலத்தில் இருந்த ஆலைகளில் பல இன்று இல்லை. 2012 ஜனவரியில் இங்கே என்ன நடந்தது என்பதை அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

ரோம்னி நியூ ஹாம்ப்ஷயரில் வென்றுவிட்டு இங்கே வந்தார். அன்றைய நம் ஆளுநர் நிக்கி ஹேலி அவருக்கு ஏற்கெனவே ஆதரவு தெரிவித்திருந்தார். பத்தே நாளில் எல்லாம் தலைகீழானது. ஐ-85 சாலையில் சார்லட் பக்கம் போகும்போது பீச் பழ வடிவத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி தெரியுமே, அந்த காஃப்னியில் புகைப்பட ஆல்பம் செய்யும் ஆலை ஒன்று இருந்தது. ரோம்னி நடத்திய பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனம் பணம் முதலீடு செய்திருந்த நிறுவனத்தின் ஆலை அது, மூடப்பட்டது. கடற்கரையோரம் ஜார்ஜ்டவுன் எஃகு ஆலையும் பெய்னின் கைக்கு வந்து ஆட்களைக் குறைத்தது. அதே பிரைமரியில் நின்ற டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் சொல்லி, இவர்கள் பிணந்தின்னிக் கழுகுகள் என்றார். கிங்ரிச்சை ஆதரித்த சூப்பர் பேக் (வேட்பாளருக்காகத் தனியே பணம் திரட்டிச் செலவிடும் குழு), சூதாட்ட விடுதி அதிபர் ஷெல்டன் ஏடெல்சன் கொடுத்த 50 லட்சம் டாலரை வைத்துக்கொண்டு, வேலை இழந்தவர்கள் பேசும் அரை மணி நேரப் படம் ஒன்றை இறக்கியது. அந்தப் படத்தில் பிழைகள் இருந்தன. திருத்துங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள் என்று கிங்ரிச்சே கடைசியில் கேட்க வேண்டியதாயிற்று. பிழையான பகுதிகளை நான் ஆதரிக்கவில்லை. ஆனால், ஆலைகள் மூடப்படும்போது உங்களுக்கு லாபம் வந்ததா இல்லையா என்ற கேள்வி இருக்கிறதே, அது நியாயமான கேள்வி. ஆலை மூடுவது என்றால் என்னவென்று அறிந்த எங்கள் ஊர்கள் அதைக் கேட்க எல்லா உரிமையும் பெற்றவை.

அதற்கு ரோம்னி என்ன பதில் சொன்னார்? ஜனவரி 19-ஆம் தேதி சார்லஸ்டன் விவாதம். அவருடைய தந்தை ஜார்ஜ் ரோம்னி அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது 12 ஆண்டு வருமான வரிக் கணக்கை வெளியிட்டவர். நீங்களும் அப்படிச் செய்வீர்களா என்று நெறியாளர் கேட்டார். "பார்க்கலாம்" என்கிற மாதிரி ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டுச் சிரித்தார். அரங்கிலேயே எதிர்ப்புக் குரல் எழுந்தது. கூடியிருந்தவர்களோ அவருடைய கட்சிக்காரர்கள்! இரண்டு நாள் கழித்து கிங்ரிச் 40 சதவீதம், ரோம்னி 28 சதவீதம். அதன்பிறகுதான் கணக்கு வெளியே வந்தது. 2010-இல் இரண்டு கோடி டாலருக்கு மேல் வருமானம், கட்டிய வரி 13.9 சதவீதம்.

உங்கள் மூத்த உறுப்பினர் விட்டுவிட்ட செய்தி ஒன்று இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கிங்ரிச் கண்டுபிடிக்கவில்லை. 1994-இல் மாசசூசெட்ஸ் செனட் தேர்தலில் டெட் கென்னடியை எதிர்த்து ரோம்னி நின்றபோதே, இந்தியானா மாநிலம் மேரியனில் பெய்ன் கைக்கு வந்த காகிதப் பொருள் ஆலையின் தொழிலாளர்கள் பாஸ்டனுக்கு வந்து கேட்டார்கள். கென்னடியின் விளம்பரங்களில் அவர்களே முகம் காட்டிப் பேசினார்கள். நெருக்கமாக இருந்த போட்டி கென்னடிக்கு 58 சதவீதத்தில் முடிந்தது. ஆக, ஒரே கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தும் 18 ஆண்டுகளில் பதில் தயாராகவில்லை. 2012 மே மாதம் ஒபாமா தரப்பு கான்சஸ் சிட்டி எஃகு ஆலைத் தொழிலாளர்களை வைத்து விளம்பரம் போட்டபோது, அவர்களுக்குக் கிங்ரிச் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கென்னடி போட்ட பாதை இருந்தது.

ஜனவரியில் கேட்கப்பட்டது அவருக்குக் கிடைத்த நல்வாய்ப்பு என்றுதான் நான் சொல்வேன். நவம்பருக்குப் பத்து மாதம் இருந்தது. அதை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

பதினோராவது கட்டளைக்கு வருகிறேன். 1966-இல் கலிபோர்னியாக் கட்சித் தலைவர் பார்க்கின்சன் சொன்னது அது, ரீகன் எடுத்துக்கொண்டார். அதே ரீகன் 1976-இல் பதவியில் இருந்த சொந்தக் கட்சி அதிபர் ஃபோர்டை எதிர்த்து நின்று, பனாமா கால்வாய் விவகாரத்திலும் சோவியத் கொள்கையிலும் மாநிலம் மாநிலமாகப் போட்டுத் தாக்கினார். கான்சஸ் சிட்டி மாநாடு வரை விடவில்லை. கட்டளையை எடுத்துக்கொண்டவரே அதை அந்த அளவுக்குத்தான் மதித்தார்.

பாஸ்டன்காரி:

மில்காரர் அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நான் ஜனநாயகக் கட்சிக்காரி; ரோம்னி மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில் இங்கே வாழ்ந்தவள். அவருக்கு நான் வாக்களித்ததில்லை. ஆனாலும் அந்தப் பிரைமரி அவருக்குச் செய்த தீங்கு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. அந்தத் தீங்கு பெய்ன் விவகாரத்தில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது.

2006 ஏப்ரலில் ஃபேன்யுல் மண்டபத்தில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? 1994-இல் அவரைத் தோற்கடித்த அதே டெட் கென்னடி. மாநிலத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் காப்பீடு கிடைக்க வழிசெய்த சட்டம் அது. ஒரு குடியரசுக் கட்சி ஆளுநர் பெருமையோடு நாடு முழுக்கச் சொல்லியிருக்க வேண்டிய சாதனை. ஒபாமாவின் 2010 சட்டம் இதை ஒட்டி அமைந்ததால், பிரைமரியில் இதுவே அவருக்குக் குற்றச்சாட்டாகிவிட்டது. அதே போட்டியில் இருந்த மின்னசோட்டாவின் முன்னாள் ஆளுநர் டிம் பாலன்டி 2011 ஜூனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒபாமா, ரோம்னி இருவர் பெயரையும் ஒட்டிச் சட்டத்துக்குப் புதுப்பெயரே சூட்டினார். மறுநாள் மான்செஸ்டர் விவாதத்தில் ரோம்னி சில அடி தூரத்தில் நின்றபோது அதைத் திருப்பிச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. ஆகஸ்டில் போட்டியை விட்டே விலகினார். இன்னொரு போட்டியாளர் சான்டோரமோ முகத்துக்கு நேராகவே சொன்னார். ஒபாமாவை எதிர்த்து நிறுத்த இவரைவிட மோசமான குடியரசுக் கட்சிக்காரர் நாட்டிலேயே இல்லை என்றுகூடப் பேசினார்.

இந்த அடிகளுக்கு ஈடுகொடுக்க ரோம்னி தன்னையே மாற்றிக்கொண்டார். நான் கடுமையான பழமைவாத ஆளுநராக இருந்தேன் என்று பழமைவாதிகளின் மாநாட்டு மேடையில் அறிவித்தார். ஆவணமில்லாமல் குடியேறியவர்கள் தாங்களாகவே நாட்டைவிட்டுப் போகும்படி செய்வேன் என்று தாம்பா விவாதத்தில் சொன்னார். நவம்பரில் லத்தீன வாக்காளர்களில் 27 சதவீதம் பேரே அவருக்கு வாக்களித்தார்கள். ஒபாமாவுக்கு 71.

கேட்பவர்கள் கேள்வியோடு நிறுத்திக்கொள்வதில்லை, அண்ணா. அவர்களுக்குப் பிடித்த பதிலை வாங்காமல் விடுவதில்லை. அங்கேதான் வேட்பாளர் உடைகிறார்.

டெமோய்ன் வாசி:

1988-ஐ யாரும் சொல்லவில்லையே. கொலைக் குற்றவாளிகளுக்கும் வார இறுதி விடுப்பு கொடுத்த மாசசூசெட்ஸ் சிறைத் திட்டத்தைப் பற்றி, ஏப்ரலில் நியூயார்க் விவாதத்தில், அம்மாநில ஆளுநரும் ஜனநாயகக் கட்சிப் போட்டியாளருமான டுகாகிஸிடம் முதலில் கேட்டவர் சொந்தக் கட்சியின் அல் கோர். பிறகு குடியரசுக் கட்சி வேட்பாளர் மூத்த புஷ்ஷின் தரப்பு அதையே ஆயுதமாக்கியது. கறுப்பினக் குற்றவாளி ஒருவரின் படத்தைக் காட்டி இனப்பயத்தைக் கிளப்பும் விளம்பரமும் வந்தது. புஷ் 40 மாநிலங்களில் வென்றார். கோர் கேட்காமல் இருந்திருந்தால்?

மில்காரர், கிரீன்வில்:

கோர் கேட்காவிட்டாலும் வந்திருக்கும். லாரன்ஸ் நகரின் ஈகிள்-டிரிப்யூன் நாளிதழ் அதற்கு முந்தைய ஆண்டே தொடர்ந்து எழுதி, 1988-இல் புலிட்சர் பரிசும் வாங்கியிருந்தது. ஊரறிந்த விஷயத்தை ஒளித்துவைக்க முடியாது. கோர் குற்றவாளியின் பெயரையோ நிறத்தையோ இழுக்கவில்லை, திட்டத்தைப் பற்றித்தான் கேட்டார். அந்தத் திட்டம் 1972-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர் காலத்தில் வந்தது என்பதே டுகாகிஸ் கையில் இருந்த நல்ல பதில். அதை உரக்கச் சொல்லி மக்கள் மனதில் பதியவைக்க அவரால் முடியவில்லை.

பாஸ்டன் தங்கைக்கு: காப்பீட்டுச் சட்டம் பற்றி நீங்கள் சொல்வது என்னை யோசிக்க வைக்கிறது. அந்தச் சட்டத்துக்காக அவர் நெஞ்சு நிமிர்த்தி நின்றிருந்தால் நானே மகிழ்ந்திருப்பேன். ஆனால் தன் சாதனையைத் தானே கைவிட்டவர் அவர்தான். கேட்டவர்கள் மீது அந்தப் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பார்ட்டன்பர்க் புதியவன்:

நன்றி. இன்னும் ஒரு சந்தேகம். விமர்சனத்துக்கும் அவதூறுக்கும் இடையே கோடு எங்கே? எங்கள் கூட்டத்தில் அந்த வேட்பாளரின் குடும்பத்தைப் பற்றியும் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களோடு என்னையும் சேர்த்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.

மில்காரர், கிரீன்வில்:

அந்தக் கோடு எங்கே என்பது நம் மாநிலத்துக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. 2000 பிப்ரவரியில் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் செனட்டர் மெக்கெய்ன் நியூ ஹாம்ப்ஷயரில் இளைய புஷ்ஷைப் பெரிய வித்தியாசத்தில் வென்றுவிட்டு இங்கே வந்தார். அவரும் மனைவியும் வங்கதேசத்து அநாதை இல்லத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார்கள். அந்தக் குழந்தையின் நிறத்தைக் காட்டி, மெக்கெய்னுக்குத் தவறான உறவில் பிறந்த பிள்ளை என்று தொலைபேசியிலும் துண்டுப் பிரசுரத்திலும் பரப்பினார்கள். பிரசுரங்களில் பெரும்பாலும் பொறுப்பேற்கும் பெயர் இல்லை. புஷ் 53, மெக்கெய்ன் 42. இதை எழுதும்போது இன்றும் என் கை நடுங்குகிறது. ஒரு குழந்தையை அப்படிச் செய்தார்கள்.

பெர்ரி தன் பெயரைச் சொல்லி, காஃப்னி என்ற ஊரைச் சொல்லி, எல்லோருக்கும் முன்னால் பேசினார். ரோம்னியால் பதில் சொல்ல முடியும்; நம்மால் சரிபார்க்க முடியும். பெயரில்லாத துண்டுச் சீட்டுக்கு யார் பதில் சொல்வது? எனவே, குடும்பத்தைப் பற்றி முணுமுணுப்பவர்களைப் பார்த்து, "அதை விடுங்கள், எனக்கு வேண்டியது அது இல்லை" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்குப் போங்கள்.

போகும்போது கையில் ஆதாரம் இருக்கட்டும். செனட்டில் பெயர் கூப்பிட்டு எடுக்கப்படும் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் எண் உண்டு. செனட்டின் இணையதளத்தில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பெயர்வாரியாக இருக்கிறது. அச்செடுத்துக்கொள்ளுங்கள். தேதியையும் எண்ணையும் முதலில் வாசியுங்கள், பிறகு கேளுங்கள். இப்படி நடந்துகொண்டால் உங்களை யாரும் முணுமுணுப்பவர்களோடு சேர்க்க மாட்டார்கள்.

பாஸ்டன்காரி:

தம்பி, அண்ணா சொன்னபடியே கேளுங்கள். வேட்பாளர் தன் பழைய வாக்கு ஏன் சரி என்று விளக்கினால் அதையும் முழுதாகக் கேட்டுவிட்டு உட்காருங்கள். மாற்றிச் சொன்னால்தான் வாக்களிப்பேன் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். நான் கேட்பது அது ஒன்றுதான்.

மில்காரர், கிரீன்வில்:

அதை நானும் ஒப்புக்கொள்கிறேன், தங்கை. புதியவன் தம்பி, அடுத்த கூட்டம் என்றைக்கு, எந்த மண்டபம் என்று எழுதுங்கள். கிரீன்வில்லிலிருந்து முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். நானும் வருகிறேன்.