படகில் வெந்நீர்: குடும்பக் குழுவில் பேசிக்கொண்டது

சின்னவன் – பர்மிங்காம் (மாலை 6.40)
பெரியப்பா, வணக்கம். நாங்கள் குடியிருக்கும் கால்வாய்ப் படகில் கேஸ் கெய்சர் பழுதாகிவிட்டது. இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் திரவமான கூலண்டின் சூட்டைக் கொண்டே குளிக்க வெந்நீரும் கேபினுக்கு வெப்பமும் எடுக்கலாம் என்று பக்கத்துப் படகுக்காரர் சொல்கிறார். 7 அடி அகலமே உள்ள இந்த இரும்புப் படகில் ரேடியேட்டர் கிடையாது. பக்கச் சுவரின் உட்புறம் பற்றவைத்த தட்டையான தொட்டிக்குள் கூலண்ட் சுற்றி வரும்போது, வெளியே இருக்கும் கால்வாய் நீர் அதைக் குளிர்விக்கிறது. இந்த அமைப்பில் கைவைத்தால் இன்ஜினுக்கு ஏதேனும் ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

பெரியப்பா – அம்மாப்பேட்டை (மாலை 6.58)
தாராளமாக எடுக்கலாம் கண்ணு. டீசல் எரிந்து வரும் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் படகைத் தள்ளுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போகிறது, மற்றொரு பங்கைக் கூலண்ட் சுமந்துகொண்டு போய்க் கால்வாயில் விடுகிறது. நம் கரண்ட் பில் கணக்கில் சொல்வதானால், ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் சூடு இருக்கிறது, அதில் 3 யூனிட் அளவு கூலண்டுக்கு வந்து சேர்கிறது. 10 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவரவும் கிட்டத்தட்ட அதே 3 யூனிட்தான் வேண்டும். வழியில் இழப்பு உண்டு என்றாலும், எப்படியும் வெளியே போகிற சூடுதானே, அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை.

அத்தை – ஏற்காடு (இரவு 7.05)
அண்ணா, இன்ஜினுக்குள் ஓடிய தண்ணீரிலா குழந்தையைக் குளிப்பாட்டுவது? கேட்கவே மனம் பதறுகிறது.

பெரியப்பா – அம்மாப்பேட்டை (இரவு 7.16)
இல்லை அம்மா. நம் வீட்டுப் பின்கட்டில் இருந்த செம்பு பாய்லரை நினைத்துப் பார். நடுக்குழாயில் கரி கனன்றுகொண்டிருக்கும், சுற்றிலும் தண்ணீர் நிற்கும், செம்புத் தகட்டைத் தாண்டிச் சூடு மட்டும்தான் போகும். படகில் வைக்கும் தொட்டியிலும் அதே ஏற்பாடுதான். அதைக் காலரிஃபையர் என்பார்கள். கரிக்குப் பதிலாக, உள்ளே சுருட்டி வைத்த காயிலுக்குள் கூலண்ட் ஓடும்.

ஆனாலும் உன் பதற்றம் நியாயமானது. கூலண்டில் கலக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், அதுவும் இனிக்கிற விஷம். காயிலில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் என்ன நடக்கும் என்பதைச் சின்னவன் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீர் பம்ப் ஓடும்போது குழாயில் அழுத்தம் கூடுதல் என்பதால் நல்ல தண்ணீர் கூலண்டுக்குள் போய், கூலண்ட் டப்பாவில் மட்டம் காரணமில்லாமல் ஏறும். பம்பை நிறுத்தி, இன்ஜின் சூடாக இருக்கும்போது எதிர்த்திசையில் கூலண்ட் நல்ல தண்ணீருக்குள் வரும். ஆகையால் மட்டம் குறைந்தாலும் ஏறினாலும் இரண்டுமே அபாயக் குறிதான். இன்ஜின் கையேடு அனுமதித்தால் புரொப்பிலீன் கிளைகால் கலந்த கூலண்டை ஊற்று, அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அப்படியிருந்தும் அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதே.

சின்னவன் – பர்மிங்காம் (இரவு 7.31)
சரிங்க பெரியப்பா. இன்ஜினில் எந்த இடத்திலிருந்து ஹோஸை எடுப்பது?

பெரியப்பா – அம்மாப்பேட்டை (இரவு 7.50)
தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும் வரை கூலண்டைக் குளிர்விக்கும் தொட்டிக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் வால்வு. அதற்கு முந்தைய பக்கத்தில், அதாவது இன்ஜின் பிளாக் பக்கமாக எடுத்து, திரும்பி வரும் ஹோஸை வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் வெந்நீர்த் தொட்டிக்குச் சூடு போகும், திறந்த பிறகு வழக்கமான குளிர்விப்புக்கும் குறை வராது. தொட்டிக்கும் கேபின் ஹீட்டருக்கும் தனித்தனி வால்வு வை. இரண்டையும் இன்ஜினுக்கு அருகிலேயே மூட வழி இருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முன்பு ஒரு எஸ்டேட் ஜீப்புக்கு ஹீட்டர் ஹோஸ் மாற்றியபோது, கையில் இருந்த அளவு சரியில்லாத கிளாம்ப்பையே போட்டு முறுக்கினேன். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, பாதி வழியிலேயே ஹோஸ் கழன்று கூலண்ட் முழுவதும் ரோட்டில் கொட்டிவிட்டது. முள் சிவப்புக்கு ஏறியதை ஓட்டியவர் பார்ப்பதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. கேபினுக்காகப் போடும் ஒவ்வொரு ஹோஸும் இன்ஜினின் உயிரோடு இணைக்கப்படுகிறது கண்ணு. சூடு தாங்கும் நல்ல ரப்பர் ஹோஸாக வாங்கு, கிளாம்ப்பில் காசு பார்க்காதே.

அத்தை – ஏற்காடு (இரவு 8.02)
அந்த ஜீப்பில் நானும் போயிருக்கிறேன். கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய் தடவியது போல் ஒரு படலம் படிந்து, துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். உள்ளே பாகு வாசனை அடித்துக்கொண்டே இருக்கும்.

பெரியப்பா – அம்மாப்பேட்டை (இரவு 8.09)
அது ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் கூலண்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர், ஒழுகியதன் அறிகுறி. படகின் ஜன்னலில் அந்தப் படலத்தைப் பார்த்தால் உடனே ஹீட்டர் வால்வை மூடிவிடு.

சின்னவன் – பர்மிங்காம் (இரவு 8.20)
இங்கே மற்ற படகுகள் அருகில் இருக்கும்போது இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இன்ஜினை ஓட்டக்கூடாது என்பது விதி. கேபின் இரவெல்லாம் குளிர்ந்துவிடுமே?

பெரியப்பா – அம்மாப்பேட்டை (இரவு 8.34)
ஆமாம், ஃபேன் வைத்த ஹீட்டர் இன்ஜின் ஓடும் வரைதான் பயன்படும். ஆகவே இராத்திரிக்கு விறகு அடுப்பை விட்டுவிடாதே, கார்பன் மோனாக்சைடு அலாரத்தை மாதம் ஒருமுறை அழுத்திப் பார். தண்ணீர்த் தொட்டியின் கதை வேறு. சுற்றிலும் தடிமனான ஃபோம் இருந்தால் மாலையில் ஏற்றிய சூடு மறுநாள் காலைக் குளியல் வரை நிற்கும்.

ஹோஸ் போகும் வழியில் மேடு இருக்கக் கூடாது. மேட்டில் காற்று அடைத்துக்கொண்டால் கூலண்ட் சுற்றாது, ஒரு ஹோஸ் கொதிக்கும், மற்றது ஐஸாக இருக்கும். மேடு தவிர்க்க முடியாவிட்டால் அதன் உச்சியில் ஏர் எடுக்கும் ஸ்குரூ வைத்து, குமிழி நிற்கும் வரை திறந்து விடு. பிறகு இன்ஜினை ஓட்டி, நன்றாக ஆறவிட்டு மட்டத்தைப் பார். சூட்டோடு மூடியைத் திறக்காதே.

அத்தை – ஏற்காடு (இரவு 8.41)
அந்தக் கூலண்ட் எவ்வளவு சூடு இருக்கும் அண்ணா? பாப்பாவுக்கு மூன்று வயதுதான் ஆகிறது, குழாயைத் தானே திறக்கிறாள்.

பெரியப்பா – அம்மாப்பேட்டை (இரவு 8.47)
80 டிகிரியைத் தாண்டும் அம்மா, தொட்டித் தண்ணீரும் அதை நெருங்கும். நல்ல வேளையாக நினைவூட்டினாய். சின்னவனே, தொட்டியிலிருந்து வெளியேறும் இடத்திலேயே பச்சைத் தண்ணீரைக் கலந்து அனுப்பும் மிக்சிங் வால்வு ஒன்றைப் போட்டு, 40 டிகிரி அளவில் வைத்துவிடு. அது கைக்கு வரும் வரை தொட்டியை இணைக்காதே.

சின்னவன் – பர்மிங்காம் (இரவு 8.52)
அதையே முதலில் வாங்குகிறேன் பெரியப்பா. சனிக்கிழமை ஹோஸ் போகும் வழியைப் படம் எடுத்து இங்கே அனுப்புகிறேன், நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் கூலண்டை இறக்குவேன்.