மறு: ஆப்டமர் என்பதற்குத் தமிழ்ச்சொல் (கிராஃபீன் உயிர் உணரி கட்டுரைக்காக)

அனைவருக்கும் வணக்கம். ஆப்டமர் (குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும் சிறு இழை) என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது. உடலில் உள்ள பொருள்களை அளக்கும் கிராஃபீன் உயிர் உணரி பற்றிய கட்டுரைக்காகத்தான் இந்தச் சொல் தேவைப்படுகிறது.

> பொருந்துகூறு என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச்சொல்லின் பொருளும் அதுதானே.

ஐயா, மூலச்சொல்லைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. 1990இல் எலிங்டனும் சோஸ்டாக்கும் லத்தீனில் 'பொருந்துவது' என்ற சொல்லோடு கிரேக்கத்தில் 'பகுதி' என்ற சொல்லைச் சேர்த்துத்தான் ஆப்டமர் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் நொதியும் அதன் வினைபொருளோடு பொருந்துகிறது, எதிர்ப்பொருளும் (ஆன்டிபாடி, அந்நியப் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம்) பொருந்துகிறது. அப்புறம் இதை மட்டும் எப்படிப் பிரித்துக் காட்டுவது? கட்டுரையில் "பொருந்துகூறு சிறு மூலக்கூறோடு சேர்ந்ததும்" என்று எழுதிப் பாருங்கள், இரண்டு கூறில் எது எதைப் பிடித்தது என்று படிப்பவர் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

> செயற்கை எதிர்ப்பொருள்?

இதை நான் ஏற்கவே மாட்டேன். இலங்கைப் பாடநூல்களில் எதிர்ப்பொருளுக்குப் பிறபொருளெதிரி என்ற சொல் இருப்பதால் அங்கே இன்னொரு கலைச்சொல் முளைக்கும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கட்டுரையே எதிர்ப்பொருள் தடுமாறும் இடத்தைப் பற்றியது.

மன அழுத்தத்தின்போது கூடுதலாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை எடுத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை 362 டால்டன்தான், அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருளோ சுமார் 1,50,000 டால்டன். பெரிய புரதம் என்றால் இரண்டு எதிர்ப்பொருள்களை இரு பக்கமும் ஒட்டவிட்டு அளக்கலாம், கார்ட்டிசாலில் இரண்டாவது வந்து பிடிக்க இடமே கிடையாது. கிராஃபீன் ஒரே ஓர் அணு தடிமன் உள்ள கார்பன் ஏடு, அணுக்கள் எல்லாமே மேற்பரப்பில் இருப்பதால் அருகில் மின்னூட்டம் கொஞ்சம் நகர்ந்தாலும் அதன் மின்கடத்தல் மாறும், அதனால்தான் அதை உணரியாக்குகிறோம். ஆனால் இரத்தம் போன்ற உப்புக் கரைசலில் அயனிகள் சூழ்ந்து மறைத்துவிடுவதால் கிராஃபீனுக்குத் 'தெரியும்' தூரம் ஒரு நானோமீட்டர்கூட இல்லை. எதிர்ப்பொருளின் உயரமோ 10 நானோமீட்டர் அளவில். அது கார்ட்டிசாலைப் பிடித்தாலும் அந்தச் செய்தி கீழே வந்து சேராது, போதாததற்குக் கார்ட்டிசாலுக்கு மின்னூட்டமும் இல்லை.

ஆப்டமர் இங்கேதான் கைகொடுக்கிறது. அது ஓரிழை டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., பாஸ்பேட் முதுகெலும்பு முழுக்க எதிர் மின்னூட்டம். இலக்கு மூலக்கூறு வந்து சேரும்போது இழை மடிந்து அதைச் சுற்றிக்கொள்கிறது. அப்படி மடியும்போது இழையின் சொந்த மின்னூட்டமே கிராஃபீனை நெருங்குகிறது அல்லது விலகுகிறது, நாம் அளப்பது அதைத்தான். 2018இல் லாஸ் ஏஞ்சலஸ் குழு ஒன்று செரட்டோனின், டோபமைன், குளுக்கோஸ் ஆகியவற்றை இந்த வழியில் உடல்திரவத்தை ஒத்த உப்புச் செறிவிலேயே அளந்து காட்டியது (அவர்கள் பயன்படுத்தியது இண்டியம் ஆக்சைடுப் படலம், ஆனால் அடிப்படை இதேதான்).

ஆகவே பெயரில் அந்த அசைவு இருக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் முன்வைப்பது: கவ்விழை.

கவ்விய, கவ்வுகிற, கவ்வும் இழை என்று விரியும் வினைத்தொகை. ஓரிழை, ஈரிழை என்று பள்ளிப் பாடத்திலேயே இருப்பதால் இழைக்கு விளக்கம் வேண்டாம். பற்றிழை என்றும் யோசித்தேன், ஆனால் "பற்றி" என்றாலே பலருக்கும் 'குறித்து' என்றுதான் முதலில் படும், பற்று என்றால் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வரும். மேலும் பற்றுவதற்கு அசைய வேண்டியதில்லை, கவ்வுவதற்கு வாய் மூட வேண்டும். பிடித்ததை விடவும் முடியும் என்பது இன்னொரு வசதி, ஏனென்றால் இந்தப் பிணைப்பு பெரும்பாலும் மீளக்கூடியது. ஒட்டிழை என்று சொல்லியிருந்தால் அந்தப் பொருள் போயிருக்கும்.

கவ்வு என்றால் முதலை, நாய் நினைவு வருகிறது, அறிவியலுக்குக் கொச்சையாக இருக்கிறது என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை அம்மா. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் உடனே காட்சி விரியும் சொல் நமக்குக் கிடைத்திருக்கும்போது அதை ஏன் தள்ள வேண்டும்?

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "கிராஃபீன் மேல் கார்ட்டிசால் கவ்விழைகளைப் பதித்து, வியர்வையில் உள்ள கார்ட்டிசாலை அளக்கலாம்." "கவ்விழை மடிந்ததும் மின்னோட்டம் மாறுகிறது." தடங்கல் இல்லாமல் போகிறது.

உணரியா உணர்வியா என்ற பேச்சை இப்போதைக்கு விட்டுவிடலாம், உணரி பரவிவிட்டது. பயோமார்க்கருக்கு (உடலின் நிலையைக் காட்டும், அளக்கக்கூடிய பொருள்) உயிர்க்குறிப்பான் போதும். நோய்க்குறி என்று போட்டால் காய்ச்சலும் இருமலும்தான் நினைவுக்கு வரும், கார்ட்டிசால் நோயே இல்லாதவர் உடலிலும் இருப்பது.

இன்னும் ஒன்று தீரவில்லை. பெப்டைடு ஆப்டமர் என்றும் ஒரு வகை உண்டு, அங்கே டி.என்.ஏ. இழை இல்லை, அமினோ அமிலத் தொடர்தான். பெப்டைடு கவ்விழை என்று சொன்னால் உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு உறுத்துமா? குழுவில் உள்ள புரத வேதியியலாளர்கள் சொல்லுங்கள், உறுத்தும் என்றால் அந்த வகைக்கு மட்டும் கவ்வுதொடர் என்று வைத்துக்கொள்ளலாம்.