யூ இல்லாத க்யூ: ஐந்தெழுத்துப் பட்டியலை உருப்போடுவது மொழிப்பயிற்சி ஆகுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

கடந்த ஞாயிற்றுக்கிழமை எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் எங்கள் வீட்டு ஸ்கிராபிள் பலகையில் என் தங்கை மகன் க்யூ, ஏ, என், ஏ, டி என்று ஐந்து எழுத்துகளை அடுக்கி, அதைக் 'கனாத்' என்று வாசித்து, சொல்லின் புள்ளியை இரட்டிப்பாக்கும் கட்டத்தின் புண்ணியத்தில் 28 புள்ளிகளைக் குறித்துக்கொண்டான். பொருள் என்ன என்று கேட்டதற்கு, "பட்டியலில் இருக்கிறது பெரியம்மா" என்று மட்டும் சொன்னான். நிகாப், தலாக், ஃபக்கீர், கிப்லா, டிராங்க் என்று யூ பின்தொடராத க்யூ உள்ள ஐந்தெழுத்துச் சொற்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் அவனுக்கு அவற்றில் ஒன்றின் பொருளும் தெரியவில்லை. நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவள் என்ற முறையில் என் கருத்து இதுதான்: பொருள் சொல்ல முடியாத சொல்லை வீட்டு ஆட்டத்தில் ஏற்கக் கூடாது. மேலும் இவையெல்லாம் ஆங்கிலச் சொற்களே அல்ல, அரபுச் சொற்கள்.

கட்டமும் காயும் எழுதியது:

அம்மா, இந்தப் பட்டியல் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஸ்கிராபிளில் உள்ள 100 காய்களில் க்யூ ஒன்று, ஆங்கிலத்தில் வழக்கமாக அதைத் தொடரும் யூ நான்கு. அந்த நான்கும் முன்பே பலகைக்குப் போய்விட்ட பிறகு க்யூ உங்கள் கைக்கு வந்தால், பையில் ஏழு காய்களாவது மீதமிருக்கும்வரை ஒரு முறையை இழந்து அதை மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு அதுவும் முடியாது. ஆட்டம் முடியும்போது அது கையில் தங்கிவிட்டால் உங்களுக்கு 10 புள்ளி குறைந்து, காய்களை முதலில் தீர்த்தவருக்கு 10 கூடுகிறது, ஆக 20 புள்ளி வித்தியாசம். அந்த நெருக்கடியில் இரண்டு 'ஏ', ஒரு 'என்', ஒரு 'டி' கையிலிருப்பவனுக்குக் கனாத் உயிர்காக்கும் சொல். க்யூவும் ஐயும் சேர்ந்த 'ச்சீ' என்ற ஈரெழுத்துச் சொல்லோ இன்னும் பெரிய வரம். மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் க்யூவை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக அதை அமைத்தால் 62 புள்ளிகள் கிடைக்கும். இந்த விளையாட்டை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் ஒரு கட்டடக் கலைஞர். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் காய்களைப் பகிர்ந்தார். ஆகவே இது கணக்கின் விளையாட்டு. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

நீங்கள் காட்டிய சான்று என் பக்கமே சாய்கிறது. அவர் பட்டத்தை வென்றார், சரி, பிரெஞ்சைக் கற்றாரா? ஆங்கிலம் வளரும் என்று நம்பித்தான் பெற்றோர் இந்தப் பலகையை வாங்கித் தருகிறார்கள். வெறும் கணக்குத்தான் நோக்கமென்றால் எழுத்துக்குப் பதில் வண்ணக் கற்களை அடுக்கலாமே.

காயல்பட்டினத்துக்காரன் எழுதியது:

பொருள் தெரியாத சொற்கள் என்கிறீர்களே, ஆசிரியை அவர்களே, யாருக்குத் தெரியாது? கிப்லா என்பது தொழுகையில் நாங்கள் முகம் நோக்கும் மக்கா திசை; எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் அது தெரியும். ஃபக்கீரைத் தமிழ்நாடு முழுவதும் பக்கிரி என்றே அறிந்திருக்கிறது. அரபுச் சொல் என்பதால் ஆங்கிலத்தில் இடமில்லை என்றால் அல்ஜீப்ராவையும் வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

க்யூவுக்கு யூ கட்டாயம் என்னும் விதியே ஆங்கிலத்தில் வந்தேறியதுதான். அரசியைக் குறிக்கும் 'குவீன்' பழைய ஆங்கிலத்தில் சி, டபிள்யூ என்று தொடங்கியது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு வழக்கில் பழகிய எழுத்தர்களால் அது க்யூ, யூ ஆனது. எழுத்தின் வேரைத் தேடினால் பண்டைய மத்தியதரைக் கடலோர மக்களான பினீசியரின் 'கோஃப்' எழுத்து வரைக்கும் போகலாம். அரபியின் 'காஃப்' அதற்கு உடன்பிறப்பு. அடித்தொண்டையிலிருந்து எழும் அந்த ஒலிக்கு யூவின் துணை ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. எபிரேய எழுத்தான கோஃபின் பெயரே, எஸ் சேர்த்தால், உங்கள் மருமகனின் ஐந்தெழுத்துப் பட்டியலில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். (தங்கை மகன் என்பதால் மகன் என்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.)

கனாத் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் உள்ள ஆழம்வரை ஒரு தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து மிக மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டி, இறைக்காமலேயே நீரை ஊருக்குக் கொண்டுவரும் ஈரானியத் தொழில்நுட்பம் அது. சுரங்கத்தின் மேலே வரிசையாகக் குழிகள் இருக்கும்; மண்ணை வெளியேற்றவும், உள்ளே இறங்கித் தூர்வாரவும், காற்றுக்கும் அவை வேண்டும். 2016இல் யுனெஸ்கோ பாரசீகக் கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கர்நாடகத்தின் பீதரிலும் இத்தகைய சுரங்க நீர்வழி ஒன்று உண்டு.

கட்டமும் காயும் எழுதியது:

அருமையான விளக்கம், ஆனால் இவ்வளவும் தெரிந்தால்தான் 28 புள்ளி என்றால் ஆட்டம் விடிய விடிய நடக்கும். இரண்டு ஏ சேர்ந்த சொல் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறையைக் குறிப்பதை அறியாமல் எத்தனை பெரியவர்கள் அதைத் தினமும் வைக்கிறார்கள்! பொருள் போதுமானதா என்று தீர்ப்புச் சொல்வது யார்? பெரியம்மாவா? அப்படியானால் ஆட்டக்காரரே நடுவராகிவிடுகிறார். இப்போதிருக்கும் விதியில் அந்தச் சிக்கல் இல்லை: ஐயமிருந்தால் மறுப்புச் சொல்லுங்கள், அகராதியில் இல்லையென்றால் வைத்தவர் காய்களை எடுத்துக்கொண்டு முறையை இழப்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

அரபுச் சொற்கள் ஆங்கிலமல்ல என்று எழுதியதை, காயல்பட்டினத்து நண்பர் காட்டிய பிறகு, திரும்பப் பெறுகிறேன். குவீனின் பழைய எழுத்துக்கூட்டல் எனக்கே புதிய செய்தி. பொருள் பற்றிய நிபந்தனையை மட்டும் விட மாட்டேன். உங்கள் விளக்கத்தைப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன், "கிணற்றைப் படுக்கப் போட்ட மாதிரியா?" என்று கேட்டுவிட்டு, புள்ளிக் கணக்கு எழுதும் தாளின் பின்புறத்தில் மலையும் குழிகளுமாக ஒரு படம் வரைந்தான். பட்டியலை ஒப்பித்த மூன்று மாதங்களில் அவன் எந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நடுவர் சிக்கலுக்கும் வழி இருக்கிறது: பொருள் சொல்லாவிட்டால் புள்ளியைக் குறைக்க வேண்டாம், சொன்னால் 5 புள்ளி கூட்டித் தருவோம்.

காயல்பட்டினத்துக்காரன் எழுதியது:

அந்த 5 புள்ளியை ஏற்கிறேன். ஆனால் அவன் ஒப்பித்த டிராங்கை யாரும் கவனிக்கவில்லை. அது அரபுமல்ல, எபிரேயமுமல்ல. மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தைக் குறிக்கும் நீண்ட ஆங்கிலச் சொல்லைக் க்யூவோடு வெட்டி, யூவிலிருந்து மீதியை உதறிவிட்ட பேச்சுவழக்குக் குறுக்கம். முதல் வகுப்பு விதியை மீறியது அங்கே ஆங்கிலமேதான்.

கட்டமும் காயும் எழுதியது:

14 புள்ளி. பொருளும் சொல்லியாயிற்று, ஆக 19. ஆனால் போட்டி ஆட்டத்தில் இந்த 5 செல்லாது என்பதைத் தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.