ஸ்கிராட்ச்: இரண்டாம் நிலைக்குப் போனதும் மாம்பழம் மழையாகக் கொட்டுகிறது, உதவி தேவை

சனிக்கிழமை டீச்சர்:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேருக்கு பிளாக் எனும் கட்டளைக் கட்டைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மொழியைச் சொல்லித் தருகிறேன். நான் கணக்கு டீச்சர். நிரல் எழுதிப் பழக்கமில்லை, பிள்ளைகளோடு சேர்ந்துதான் கற்கிறேன். அங்கே இணையம் கிடையாது. ஸ்கிராட்ச் 3-ஐக் கணினியிலேயே நிறுவியிருக்கிறோம்.

பிள்ளைகள் செய்த ஆட்டம் இது: மேலிருந்து மாம்பழம் விழும், கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். பச்சைக் கொடியைத் தட்டியதும் மேடை (ஆட்டத்தின் பின்னணி) 'புது நிலை' என்று ஒரு செய்தியை பிராட்காஸ்ட் செய்யும், அதாவது எல்லோருக்கும் அறிவிக்கும். அது கிடைத்ததும் மாம்பழம் தன்னையே 10 முறை குளோன் (நகல்) செய்யும், நொடிக்கு ஒன்றாக. கீழே போன பழம் மறுபடி மேலே வந்துவிடும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த நிலை. மேடை அதே செய்தியை இன்னொரு முறை அனுப்பும்.

முதல் நிலையில் 10 பழங்கள்தான். இரண்டாம் நிலையில் எண்ண முடியாத அளவுக்குக் கொட்டுகின்றன. மூன்றாவதில் கணினி திணறுகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் புதுப் பழம் வருவதே இல்லை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன், பயனில்லை. ஒரு பழத்தைப் பிடித்தால் 1 புள்ளிக்குப் பதில் 7, 9 என்றும் ஏறுகிறது. பிழை எங்கே என்பதோடு, பிள்ளைகளுக்கு அதை எப்படிப் புரிய வைப்பது என்றும் சொன்னால் பெரிய உதவி.

மின்மினி:
டீச்சர், புள்ளிப் பிரச்சினையை முதலில் முடித்துவிடலாம். உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபாரெவர் பிளாக் நொடிக்குச் சுமார் 30 முறை சுற்றும். பழம் கூடையைத் தாண்டி முடிக்கும்வரை ஒவ்வொரு சுற்றிலும் 'தொடுகிறதா?' என்ற கேள்விக்கு ஆம் என்றுதான் விடை வரும். அதனால் புள்ளியைக் கூட்டிய கையோடு பழத்தை மேலே அனுப்பிவிடுங்கள்.

இனி மழை. பிராட்காஸ்ட் செய்தி மூலப் பழத்துக்கு மட்டும் போவதில்லை, அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு குளோனுக்கும் போகும். முதல் முறை கேட்க ஒரே ஒரு பழம்தான் இருந்தது, 10 பிறந்தன. இரண்டாம் முறை 11 பழங்கள் கேட்கின்றன, ஒவ்வொன்றும் 10 பெறுகிறது. மூலத்தையும் சேர்த்து எண்ணினால் 11, அப்புறம் 121. மூன்றாவதில் 1331 ஆக வேண்டும், ஆனால் ஒரு ஆட்டத்தில் 300 குளோன்களுக்கு மேல் ஸ்கிராட்ச் அனுமதிப்பதில்லை. அதனால்தான் நின்றுபோகிறது.

சரிசெய்ய எளிய வழி, குளோன் எடுக்கும் வேலையை மாம்பழத்திடமிருந்து பிடுங்கி ஒரு மரத்திடம் கொடுப்பது. மரம் என்று தனி ஸ்பிரைட் (ஆட்டத்தில் இயங்கும் உருவம்) வையுங்கள். செய்தி வந்ததும் மரம் மாம்பழத்தை 10 முறை குளோன் செய்யட்டும். மரத்துக்குக் குளோன் கிடையாது, ஆகவே ஒருமுறைதான் நடக்கும். மாம்பழத்தில் அதே செய்திக்கு 'இந்தக் குளோனை நீக்கு' பிளாக்கைப் போடுங்கள். பழைய பழங்கள் போய்விடும். மூலப் பழத்தை அந்த பிளாக் ஒன்றும் செய்யாது.

பிள்ளைகளை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 10 என்பதை 2 ஆக்குங்கள். ஒருவர் நடுவில் நிற்க, நீங்கள் 'புது நிலை' என்று குரல் கொடுங்கள். கேட்டவர் ஒவ்வொருவரும் இரண்டு பேரை அழைத்து நிறுத்த வேண்டும்.

கும்பகோணம் அப்பா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகனும் ஏழாம் வகுப்பு. இதெல்லாம் படம் ஒட்டும் விளையாட்டாகவே தெரிகிறது. எழுத்தாலேயே நிரல் எழுதும் பைத்தான் மொழியில் நேராக இறங்கிவிட்டால் என்ன?

மின்மினி:
ஐயா, மேலே உள்ள பிழையையே பாருங்கள். ஒரு செய்திக்கு யாரெல்லாம் காது கொடுக்கிறார்கள் என்று கவனிக்காமல் விடுவது பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பெரியவர்களே செய்யும் தவறு. நிரலின் தர்க்கம் அதேதான். இங்கே அரைப்புள்ளி விட்டுப்போனது, எழுத்துப்பிழை என்று பிள்ளை மாட்டிக்கொள்ளாமல் நேரே அந்தத் தர்க்கத்தோடு மோதுகிறது, அவ்வளவுதான். எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-இல் ஸ்கிராட்ச்சை வெளியிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடமே கல்லூரி மாணவர்களுக்கு முதலில் ஸ்கிராட்ச்சைக் காட்டிவிட்டுத்தான் சி மொழிக்குப் போகிறது. உங்கள் மகன் தானாக ஒரு ஆட்டம் செய்து, அதில் வந்த பிழையைத் தானே கண்டுபிடித்துவிட்டால் தாராளமாக பைத்தான் தொடங்கலாம்.

சனிக்கிழமை டீச்சர்:
இன்று வகுப்பில் நடித்துப் பார்த்தோம். முதல் குரலுக்கு 3 பேர் நின்றார்கள், இரண்டாவதுக்கு 9 பேர். மூன்றாவதுக்கு ஆள் போதவில்லை. ஒரு சிறுமி உடனே, "டீச்சர், எல்லாப் பழத்துக்கும் காது கேக்குது!" என்றாள். மரம் வைக்கலாம் என்று நான் சொல்லவே தேவைப்படவில்லை. "ஒருத்தர் மட்டும் கூப்பிட்டா போதும்ல" என்று இன்னொரு பையன் சொல்லிவிட்டான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கில் வரும் அடுக்குகளை (3, 3×3, 3×3×3) இதைவிட நன்றாக நான் கரும்பலகையில் விளக்கியதே இல்லை.

இன்னும் இரண்டு சின்னக் குறைகள். மேலே ஒரு பழம் அசையாமல் தொங்குகிறது. ஒவ்வொரு பழத்துக்கும் வேறு வேகம் கொடுத்தோம், ஆனால் புதுப் பழம் வரும்போதெல்லாம் எல்லாப் பழங்களின் வேகமும் சேர்ந்து மாறுகிறது.

மின்மினி:
தொங்குவது மூலப் பழம். கொடியைத் தட்டியதும் அதை மறையுங்கள், 'குளோனாகத் தொடங்கும்போது' என்பதன் கீழே காட்டு பிளாக் போடுங்கள்.

'வேகம்' மாறியை (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) எல்லா ஸ்பிரைட்டுக்கும் பொதுவாக உருவாக்கியிருப்பீர்கள். அது ஊர்ப் பொதுக் கிணறு மாதிரி, யார் கலக்கினாலும் எல்லோருக்கும் கலங்கும். அதை அழித்துவிட்டு, மாம்பழத்தைத் தேர்ந்து வைத்துக்கொண்டு, 'இந்த ஸ்பிரைட்டுக்கு மட்டும்' என்று புதிதாக உருவாக்குங்கள். அப்போது ஒவ்வொரு குளோனுக்கும் தனி வேகம் இருக்கும். பழைய மாறியின் வகையை மாற்ற வழியில்லை, புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

சனிக்கிழமை டீச்சர்:
இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. அடுத்த வாரம் அழுகிய பழம் ஒன்றும் விழ வேண்டுமாம், பிடித்தால் 5 புள்ளி குறைய வேண்டுமாம். அதையும் மரமே போடட்டும் என்று இப்போதே முடிவு செய்துவிட்டார்கள்.